டைரக்டரி சர்வீஸ் திட்டமிடல்: நிறுவனத் தகவல்களைக் கணக்கெடுத்து வகைப்படுத்த முழுமையான வழிகாட்டி

ஊழியர்கள், கணக்குகள், குழுக்கள், சாதனங்கள் பற்றிய தகவலை ஒரே இடத்தில் வைத்துப் பல மென்பொருள்களுக்கும் தருவது டைரக்டரி சர்வர். அதை நிறுவி ஓடவிட ஒரு நாள் போதும். ஓப்பன்எல்டிஏபி, ஆக்டிவ் டைரக்டரி, 389 டைரக்டரி சர்வர் என எதை எடுத்தாலும் நிறுவும் முறை அதன் ஆவணத்தில் தெளிவாக இருக்கிறது. எந்த ஆவணத்திலும் இல்லாதது உங்கள் நிறுவனத்தின் தகவல். எது உள்ளே போக வேண்டும்? எங்கிருந்து வரும்? தவறாக இருந்தால் யார் திருத்துவார்? இதற்கெல்லாம் பதில் தெரியாமல் ஸ்கீமாவிலும் (எந்தப் பதிவில் எந்தத் தகவல் இருக்கலாம் என்ற விதிகள்) மர அமைப்பிலும் (பதிவுகளைக் கிளை கிளையாக அடுக்கும் முறை) இறங்கினால், கொஞ்ச காலத்தில் தொலைபேசி எண்கள் பழசாகிவிடும். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகள் திறந்தே கிடக்கும். ஒவ்வொரு பிரிவும் தனக்கென்று ஒரு எக்ஸெல் கோப்பை மறுபடி திறந்துகொள்ளும்.

மேலே உள்ள மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்வியைத்தான் பலரும் கேட்காமல் விடுகிறார்கள். கணக்கெடுப்பு முழுக்க அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தவறைத் திருத்த ஆள் இல்லாத தகவல் டைரக்டரிக்குள் போகக் கூடாது.

டைரக்டரியின் இயல்பு

எக்ஸ்.500 என்ற டைரக்டரித் தரநிலை 1988இல் வந்தது. அது கனமாக இருந்ததால், அதை எளிதாக அணுக 1990களின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எல்டிஏபி என்ற நெறிமுறை உருவானது. இன்று நாம் பயன்படுத்தும் 3ஆம் பதிப்பு 1997இல் வெளியாகி, 2006இல் திருத்தி எழுதப்பட்டது. இத்தனை ஆண்டுகளிலும் அதன் அடிப்படை மாறவில்லை: டைரக்டரி என்பது அதிகம் படிக்கவும் குறைவாக எழுதவும் அமைந்தது. பல பதிவுகளை ஒரே பரிவர்த்தனையாக, அதாவது எல்லாம் மாறும் அல்லது எதுவுமே மாறாது என்ற விதத்தில், மாற்றும் வசதி எல்டிஏபியின் அடிப்படை நெறிமுறையில் கிடையாது. பல சர்வர்கள் இருந்தால் ஒன்றில் செய்த மாற்றம் மற்றதற்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும். எந்தத் தகவல் உள்ளே, எது வெளியே என்று பின்னால் முடிவெடுக்கும்போது இந்த இயல்புதான் அளவுகோல்.

படி 1: யார் பயன்படுத்தப் போகிறார்கள்?

கணக்கெடுப்பைத் தகவலிலிருந்து தொடங்க வேண்டாம். பயன்படுத்தும் மென்பொருள்களிலிருந்து தொடங்குங்கள். நிறுவனத்தில் இருக்கும் தகவல் அத்தனையையும் பட்டியலிட ஆரம்பித்தால் முடிவே இருக்காது. மென்பொருள்களின் பட்டியலுக்கு ஓர் எல்லை உண்டு.

மின்னஞ்சல், கணினி லாகின், விபிஎன், வைஃபை அனுமதி, உள்வலைத்தளம், தொலைபேசிப் பட்டியல், பிரின்டர் தேடல், கோப்புச் சேவையகம், டிக்கெட் அமைப்பு என்று எழுதிக்கொண்டே வாருங்கள். அடுத்த ஓராண்டில் வரப்போகிறவற்றையும் சேருங்கள். அதற்கு மேல் போய் ஊகிக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் நேராக இவற்றைக் குறியுங்கள்: எந்தெந்தத் தகவலைக் கேட்கிறது, எது இல்லாவிட்டால் இயங்காது, எந்த வடிவத்தில் எதிர்பார்க்கிறது, படிக்க மட்டும் செய்கிறதா எழுதவும் செய்கிறதா.

எழுதுகிற மென்பொருள்களைச் சிவப்பு மையில் குறித்து வையுங்கள். சில மென்பொருள்கள் நிறுவும்போதே தமக்கு வேண்டிய ஸ்கீமாவைச் சேர்த்துக்கொள்ளும். பயனர் பதிவில் தமது அமைப்புகளையும் எழுதும். பிற்பாடு வரும் சிக்கல்களில் பெரும்பகுதி இவற்றைச் சுற்றியே இருக்கும்.

படி 2: தகவல் இப்போது எங்கே கிடக்கிறது?

மனிதவளத் துறையின் தரவுத்தளம் என்ற பதில் உடனே வரும். அது பாதிதான் உண்மை. மேசைத் தொலைபேசி எண் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் பொறுப்பாளரிடம் இருக்கும். மின்னஞ்சல் முகவரியும் அதன் மாற்றுப் பெயர்களும் மெயில் சர்வரில் இருக்கும். அறை எண் கட்டட நிர்வாகத்திடம். நுழைவு அட்டை எண் பாதுகாப்புப் பிரிவிடம். லினக்ஸ் கணக்குகள் ஒவ்வொரு இயந்திரத்தின் பாஸ்வேர்ட் கோப்பிலும் சிதறிக் கிடக்கும். ஒப்பந்தப் பணியாளர்கள் பெரும்பாலும் மனிதவளத் தரவுத்தளத்திலேயே இருக்க மாட்டார்கள். அவர்களை வேலைக்கு எடுத்த மேலாளரின் எக்ஸெல் கோப்பில்தான் இருப்பார்கள்.

அந்த எக்ஸெல் கோப்புகளைத் தேடிப் பிடிப்பதுதான் இந்தப் படியின் உயிர்நாடி. அதிகாரப்பூர்வப் பட்டியல் எதிலும் அவை இருக்காது. வரவேற்பு மேசையில் இருப்பவரிடமும், ஹெல்ப்டெஸ்க்கில் இருப்பவரிடமும், சம்பளப் பிரிவிலும் போய் உட்கார்ந்து, "இவருடைய எண் வேண்டும் என்றால் எங்கே பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் திறக்கிற கோப்புதான் உங்களுக்கு வேண்டிய மூலம். கேள்வித்தாளை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் இந்தத் தகவல் வராது. நேரில்தான் போக வேண்டும்.

மனிதர்களோடு நிறுத்திவிடாதீர்கள். பிரின்டர், கூட்ட அறை, சர்வர், குழு, துறை, பொதுவான மின்னஞ்சல் பெட்டி, மென்பொருள்களுக்கான சேவைக் கணக்குகள் ஆகியவையும் பதிவுகளாக வரலாம். சேவைக் கணக்குகளை இப்போதே பிடித்துவிடுவது நல்லது. யாருடையது என்றே தெரியாமல், எதையோ இயக்கிக்கொண்டிருக்கும் கணக்குகள் எங்கும் உண்டு. தெரியாததால் யாரும் அழிக்கவும் துணிவதில்லை.

படி 3: ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் அட்டை

கிடைத்த தகவல்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே வடிவத்தில் குறிப்பு எழுதுங்கள். விரிதாளில் ஒரு வரிசை போதும். மாதிரிக்குக் கைபேசி எண்:

தகவல்: அலுவல் கைபேசி எண்
யாருக்கு உண்டு: எல்லாருக்கும் இல்லை, கள ஊழியர்களுக்கும் மேலாளர்களுக்கும்
எத்தனை மதிப்பு: ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் இருக்கலாம்
வடிவம்: கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, பிறகு எண்
இப்போது இருக்கும் இடங்கள்: கொள்முதல் பிரிவு, மனிதவளத் துறை, ஹெல்ப்டெஸ்க் எக்ஸெல்
யார் படிப்பார்: ஊழியர் அனைவரும்
யார் மாற்றுவார்: கொள்முதல் பிரிவு
எவ்வளவு அடிக்கடி மாறும்: ஆண்டுக்கு ஓரிரு முறை
எந்த மென்பொருளுக்கு வேண்டும்: தொலைபேசிப் பட்டியல், இருபடிச் சரிபார்ப்பு
தவறானால் பொறுப்பாளர்: கொள்முதல் பிரிவின் இணைப்புப் பொறுப்பாளர்

கடைசி வரியில் துறையின் பெயரை மட்டும் எழுதி நகர்ந்துவிடாதீர்கள். பதவியோடு எழுதுங்கள். ஆளின் பெயர் வேண்டாம், ஆள் மாறுவார்.

மதிப்பு எத்தனை என்ற வரியும் லேசானதில்லை. பதிவில் பெயரிட்டு வைக்கும் ஒவ்வொரு தகவலும் ஒரு பண்பு. எல்டிஏபியில் ஒரு பண்புக்குப் பல மதிப்புகள் இருக்கலாம் என்பதே பொது விதி. ஒன்று மட்டும் என்று கட்டுப்படுத்தப்பட்டவை விதிவிலக்கு. பல மதிப்புகள் வந்தால் அவற்றுக்குள் வரிசை உறுதி கிடையாது. முதலில் இருப்பதுதான் முதன்மை எண் என்று ஒரு மென்பொருள் நம்பினால், அந்த நம்பிக்கை ஒருநாள் பொய்க்கும். முதன்மை எது என்று தெரிய வேண்டுமானால் அதற்குத் தனிப் பண்பே வேண்டும்.

படி 4: தரத்தைச் சோதியுங்கள்

மூலங்களிலிருந்து உண்மையான தரவை வாங்கி எண்ணிப் பாருங்கள். எத்தனை சதவீதம் காலி? எத்தனை இரட்டைப் பதிவு? ஒரே துறையின் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது? இந்த எண்கள் இல்லாமல் நடத்தும் கூட்டத்தில் ஒவ்வொரு துறையும் தன் தரவு சரியானது என்றே சொல்லும்.

ஆள்களைப் பொருத்துவதுதான் இங்கே கடினமான வேலை. மனிதவளத் தரவுத்தளத்தில் இருப்பவரும் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் பட்டியலில் இருப்பவரும் ஒருவர்தானா? பெயரை வைத்துப் பொருத்தினால், ஒரே பெயருடைய இருவரில் ஒருவரின் அணுகல் உரிமை மற்றவருக்குப் போய்விடும். ஊழியர் எண் இரண்டு பக்கமும் இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் பெயர், துறை, சேர்ந்த தேதி என மூன்றையும் சேர்த்துப் பொருத்துங்கள். மீதியைக் கையால் பாருங்கள். சேர்ந்த தேதி போன்றவற்றைப் பொருத்த மட்டும் பயன்படுத்துங்கள். அவை டைரக்டரிக்குள் போக வேண்டியதில்லை.

பெயருக்கும் தனிக் கவனம் வேண்டும். 'ஐநெட்ஆர்க்பெர்சன்' என்ற வழக்கமான ஆப்ஜெக்ட் கிளாஸில் (ஒரு வகைப் பதிவில் எந்தப் பண்புகள் இருக்கலாம், எவை கட்டாயம் என்று சொல்லும் வகுப்பு) ஆளின் முழுப்பெயரும் குடும்பப்பெயரும் கட்டாயம். குடும்பப்பெயர் என்ற வழக்கமே இல்லாதவர்களுக்கு அந்த இடத்தில் எதை வைப்பது என்பதற்கு ஒரே விதியை இப்போதே எழுதிவையுங்கள். ஒருவர் முதலெழுத்தையும் இன்னொருவர் தந்தை பெயரையும் மூன்றாமவர் ஒரு புள்ளியையும் போட்டால் தேடல் கெட்டுவிடும். ஆக்டிவ் டைரக்டரியில் குடும்பப்பெயர் கட்டாயமில்லை. ஆனாலும் அதை எதிர்பார்க்கும் மென்பொருள்கள் உண்டு. பெயரைத் தமிழ் எழுத்திலும் வைப்பதானால், 'கொ' போன்ற எழுத்து யூனிகோடில் இரண்டு விதமாக எழுதப்படக்கூடும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டும் கணினிக்கு வேறு வேறு. எல்டிஏபியின் 2006ஆம் ஆண்டுத் தரநிலை, ஒப்பிடும் முன் இவற்றைச் சீராக்கச் சொல்கிறது. எல்லா மூலங்களும் அப்படிச் செய்யும் என்று நம்பாமல், ஏற்றும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

படி 5: உள்ளே எது, வெளியே எது?

அட்டைகள் தயார். இப்போது கழிக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட மென்பொருளுக்கு வேண்டும், அடிக்கடி படிக்கப்படும், அரிதாக மாறும், சிறியது, பண்பை வைத்துத் தேடத் தக்கது. இத்தனையும் பொருந்தினால் உள்ளே. ஒரே மென்பொருளுக்கு மட்டும் வேண்டியது அந்த மென்பொருளிலேயே இருக்கட்டும். விடுப்புக் கணக்கு, சம்பளம், வருகைப் பதிவு, லாக் கோப்புகள், ஒப்பந்த ஆவணங்கள் ஆகியவை வெளியே.

அடிக்கடி மாறுவது எவ்வளவு தொல்லை என்பதற்கு ஆக்டிவ் டைரக்டரியே சாட்சி. கடைசியாக லாகின் செய்த நேரத்தை வைக்கும் 'லாஸ்ட்லாகான்' பண்பு சர்வர்களுக்கிடையே நகலெடுக்கப்படுவதே இல்லை. ஒவ்வொரு லாகினுக்கும் நகல் ஓடினால் தாங்காது. நகலாகும் 'லாஸ்ட்லாகான்டைம்ஸ்டாம்ப்' இயல்பு அமைப்பில் 9 முதல் 14 நாள் வரை பழசாக இருக்கலாம். பயன்படுத்தாத கணக்குகளைக் கண்டுபிடிக்க அது போதும். நேற்று யார் வந்தார்கள் என்று பார்க்க உதவாது.

படம்தான் எல்லைக்கோட்டில் நிற்பது. என் கருத்தில், சின்ன முகப்படம் உள்ளே இருக்கலாம். பெரிய படத்தை வேறு இடத்தில் வைத்து அதன் இணைய முகவரியை மட்டும் பதிவில் வைப்பது நல்லது.

தயங்கினால் வெளியே வையுங்கள். பின்னால் ஒரு பண்பைச் சேர்ப்பது எளிது. உள்ளே வைத்ததை எடுப்பது கடினம், ஏனென்றால் அதற்குள் அதை நம்பி நாலு ஸ்கிரிப்ட் எழுதப்பட்டிருக்கும்.

படி 6: வகைப்படுத்தல்

வகைப்படுத்தல் என்றதும் ரகசிய நிலைகளைத்தான் நினைப்போம். அது ஒரு கோணம் மட்டும். உள்ளே வரப்போகும் ஒவ்வொரு தகவலையும் மூன்று கோணத்தில் பாருங்கள்: யார் மாற்றலாம், யார் பார்க்கலாம், எவ்வளவு வேகமாக மாறும். மூன்றாவதைப் படி 5இலேயே பார்த்துவிட்டோம்.

மாற்றும் உரிமையில், சொந்தக்காரரே மாற்றக்கூடியவை உண்டு. விருப்ப மொழி, முகப்படம் போன்றவை. பதவி, மேலாளர், துறை போன்றவற்றை மூலத் துறை மட்டுமே மாற்றலாம். குழு உறுப்பு, கணக்கின் நிலை போன்றவை நிர்வாகிக்கு. ஒருவர் தன் பதவியையோ தன் குழுவையோ தானே மாற்ற முடிந்தால் அது பாதுகாப்புத் துளை. சில மென்பொருள்கள் பதவியை வைத்தே அனுமதி தருகின்றன.

பார்க்கும் உரிமைக்கு நான்கு நிலை போதும்: வெளியாருக்கும் தெரியலாம், ஊழியர்களுக்கு மட்டும், குறிப்பிட்ட பிரிவுக்கு மட்டும், யாருக்கும் காட்டக் கூடாது. கடவுச்சொல்லின் ஹாஷ் (கடவுச்சொல்லைக் குழப்பி மாற்றிய வடிவம்) கடைசி நிலையைச் சேர்ந்தது. சர்வர் அதைச் சரிபார்க்கலாம், வேறு யாரும் படிக்கக் கூடாது. நான்குக்கு மேல் நிலைகளைப் பெருக்கினால் அணுகல் விதிகளை எழுதுபவருக்கே குழப்பம் வரும்.

ஒரு மதிப்பு தனியாகத் தெரிவதும் மொத்தப் பட்டியல் தெரிவதும் ஒன்றல்ல. ஒரு சக ஊழியரின் பதவியைத் தேடிப் பார்ப்பதில் தவறில்லை. எல்லா ஊழியர்களின் பெயர், பதவி, மேலாளர், மின்னஞ்சல் நான்கும் ஒரே கோப்பாக ஒரு மோசடிக்காரருக்குக் கிடைத்தால், அது அவருக்குத் தயாராகத் தைத்த சட்டை. ஆகவே ஒவ்வொரு தகவலுக்கும் மொத்தமாக எடுக்க அனுமதி உண்டா என்றும் அட்டையில் எழுதுங்கள். ஓப்பன்எல்டிஏபி ஒரு தேடலுக்கு இயல்பாக 500 பதிவுகளோடு நிறுத்துகிறது. ஆக்டிவ் டைரக்டரி 1000. அந்த வரம்பு மட்டும் தடுப்பு ஆகாது. ஆக்டிவ் டைரக்டரியில் பக்கம் பக்கமாகக் கேட்டோ, எங்கும் தேடலைத் துண்டு துண்டாகப் பிரித்தோ முழுவதையும் எடுக்க முடியும். தடுப்பு அணுகல் விதியில்தான் இருக்க வேண்டும்.

படி 7: ஒவ்வொன்றுக்கும் ஒரே மூலம்

ஒரு தகவல் மூன்று இடத்தில் இருக்கிறது, மூன்றும் வேறு வேறு மதிப்பு. எது சரி? இதற்கு நீங்கள் பதில் சொல்லக் கூடாது. சொன்னால் அதன் பொறுப்பும் உங்கள் தலையில் வந்துவிடும். மூன்று துறைகளையும் ஒரே அறையில் உட்காரவைத்து, எந்த இடம் மூலம் என்று அவர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள். முடிவைத் தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

மூலம் என்றால் அங்கே மட்டும்தான் திருத்தம் நடக்கும். மற்ற இடங்கள் அதிலிருந்து பெற்றுக்கொள்ளும். டைரக்டரியே மூலமாக இருப்பதும் உண்டு. லாகின் பெயர், குழுக்கள், கடவுச்சொல் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் அதுதான். ஒரே பதிவில் உள்ள வெவ்வேறு பண்புகளுக்கு வெவ்வேறு மூலம் இருப்பது இயல்பானது. ஒரே பண்புக்கு இரண்டு மூலம் இருந்தால் சண்டை நிச்சயம்: மாலையில் ஹெல்ப்டெஸ்க் திருத்திய எண்ணை இரவு ஓடும் இறக்குமதி பழைய மதிப்புக்கே திருப்பிவிடும். ஊழியர் மறுபடி புகார் செய்வார், மறுபடி திருத்துவார்கள், மறுபடி திரும்பும்.

வெறுமைக்கும் விதி வேண்டும். மூலத்தில் மதிப்பு காலியாக வந்தால் டைரக்டரியில் அழிப்பதா, இருப்பதை விட்டுவைப்பதா? பாதியில் அறுந்த ஏற்றுமதிக் கோப்பு ஒன்று ஆயிரம் பேரின் எண்களை அழித்துவிடக்கூடும். ஒரே ஓட்டத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாற்றம் வந்தால் நின்றுவிட வேண்டும் என்ற வரம்பையும் இங்கேயே எழுதுங்கள்.

படி 8: மாறாத அடையாளம்

பெயர் மாறும், துறை மாறும், மின்னஞ்சல் மாறும். இவை எதையும் நிரந்தர அடையாளமாக்காதீர்கள். ஊழியர் எண் நல்லது. ஆனால் ஒப்பந்தப் பணியாளர் நிரந்தரமாகும்போது எண் மாறுமா, விட்டுப் போனவர் திரும்பி வந்தால் பழைய எண் கிடைக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாறும் என்றால் அர்த்தமற்ற எண் ஒன்றை நீங்களே உருவாக்கி வழங்குவது மேல்.

பயன்படுத்திய அடையாளத்தை வேறொருவருக்குக் கொடுக்கவே கூடாது. லினக்ஸில் கோப்பின் உரிமையாளர் பெயராகச் சேமிக்கப்படுவதில்லை. 'யூஐடிநம்பர்' என்ற எண்ணாகவே சேமிக்கப்படுகிறது. விட்டுப் போனவரின் எண்ணைப் புதியவருக்குக் கொடுத்தால் பழையவரின் கோப்புகளும் அவருடையதாகிவிடும். மின்னஞ்சல் முகவரியிலும் இதே ஆபத்து உண்டு.

துறையின் பெயரைப் பதிவின் முழுப்பெயருக்குள் (மரத்தில் அது இருக்கும் இடத்தையும் சேர்த்துச் சொல்லும் பெயர்; ஆளின் பெயர் அல்ல) வைப்பதையும் இந்தக் கட்டத்திலேயே கைவிடுங்கள். ஆள் துறை மாறினால் பதிவின் முழுப்பெயர் மாறும். அவரைச் சுட்டும் குழுக்களும் மேலாளர் பண்புகளும் பழைய பெயரிலேயே தொங்கக்கூடும். துறை ஒரு பண்பாக இருந்தால் ஒரு மதிப்பு மட்டும் மாறும்.

படி 9: ஸ்கீமாவோடு பொருத்துதல்

இதுவரை சரியாகச் செய்திருந்தால் இந்தப் படி விரைவாக முடியும். ஒவ்வொரு அட்டைக்கும் நேராகத் தரநிலைப் பண்பைத் தேடுங்கள். மனிதர்களுக்கு வேண்டிய பெரும்பாலானவை 2000ஆம் ஆண்டில் வெளியான 'ஐநெட்ஆர்க்பெர்சன்' வரையறையிலும், அது சார்ந்திருக்கும் வகுப்புகளிலும் இருக்கின்றன. 'டெலிபோன்நம்பர்' பண்பு ஒப்பிடும்போது இடைவெளியையும் கோட்டையும் கண்டுகொள்ளாது. சாதாரண எழுத்துப் பண்பில் எண்ணை வைத்தால் அந்த வசதி கிடையாது. 'குரூப்ஆஃப்நேம்ஸ்' வகுப்பில் குறைந்தது ஓர் உறுப்பினராவது இருக்க வேண்டும். ஆகவே காலிக் குழு வேண்டுமா என்று முன்பே கேளுங்கள்.

'ஐநெட்ஆர்க்பெர்சன்' வகுப்பில் கார் உரிம எண்ணுக்கும் ஒரு பண்பு உண்டு. பயன்படுத்தாமல் கிடக்கிறதே என்று அதில் வேறு எதையாவது திணிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். தரநிலைப் பண்பு இல்லையென்றால் சொந்தப் பண்பை வரையறுங்கள். அதற்கு வேண்டிய நிறுவன எண்ணை, இணைய எண்களைப் பதிவு செய்யும் ஐயானா அமைப்பு இலவசமாகத் தருகிறது. இருக்கும் வகுப்பைத் திருத்தாமல், புதிய பண்பைத் துணை வகுப்பாக (ஆக்ஸிலரி கிளாஸ்) சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 10: அளவு

துல்லியம் வேண்டாம், பெருக்கிப் பார்த்தால் போதும். 10,000 பேர், ஒருவருக்கு 4 கிலோபைட் என்றால் 40 மெகாபைட். 30 கிலோபைட் படத்தைச் சேர்த்தால் கூடுதலாக 300 மெகாபைட். தேடலை வேகப்படுத்தும் இன்டெக்ஸுக்கும் இடம் வேண்டும். எந்தப் பண்புகளில் தேடல் நடக்கும் என்பது படி 1இன் பட்டியலிலேயே இருக்கிறது.

படி 11: வருகை, மாற்றம், விலகல்

ஒவ்வொரு பதிவு வகைக்கும் பிறப்பு முதல் அழிவு வரை எழுதுங்கள். புதியவர் சேர்ந்தால் எந்தத் துறையின் எந்தச் செயல் பதிவை உருவாக்கும்? விலகினால் கணக்கு எப்போது பூட்டப்படும், பதிவு எப்போது அழியும், எந்தத் தகவல் அதற்கு முன்பே நீங்க வேண்டும்? ஒப்பந்தப் பணியாளர்களுக்கு முடிவுத் தேதி கட்டாயம். தேதி இல்லாத பதிவை ஏற்காதீர்கள். ஏனென்றால் அவர்கள் போனதை உங்களுக்குச் சொல்ல ஆளே இருக்க மாட்டார்.

பிறகு அட்டைகள் அத்தனையையும் பொறுப்பாளர்களிடம் திருப்பிக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு துறையின் உண்மையான தரவை எடுத்து எல்டிஃப் கோப்பாக்கி (டைரக்டரிப் பதிவுகளை எழுதும் உரைக் கோப்பு வடிவம்), சோதனை சர்வரில் ஏற்றுங்கள். ஸ்கீமா மறுக்கும் ஒவ்வொரு பதிவும் உங்கள் அட்டைகளில் விட்டுப்போன ஒன்றைக் காட்டும். அதை அட்டையிலும் திருத்துங்கள், மூலத்திலும் திருத்தச் சொல்லுங்கள். மறுப்பில்லாமல் ஏறிய பிறகு, அந்தத் துறையில் சிலரை அழைத்து அவர்களுடைய பதிவை அவர்களிடமே காட்டுங்கள். அவர்கள் சுட்டும் தவறைப் பொறுப்பாளரிடம் அனுப்பி, எத்தனை நாளில் திருத்தம் டைரக்டரிக்கு வந்து சேர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வந்து சேரவில்லையென்றால் மர அமைப்பைத் தொடங்காமல், அந்த அட்டையோடு படி 7க்குத் திரும்புங்கள்.